லேத் யாருடைய வேலை? – கடிதம்

வணக்கம் சார்,

எனக்குத் திருச்செங்கோடு பக்கம். ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல், நான்காம் செமஸ்டர் படிக்கிறேன். அப்பா போர்வெல் ரிக் வண்டிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவர் ஆசைக்காகத்தான் மெக்கானிக்கல் எடுத்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ. என்று போய்விட்டார்கள். எங்கள் வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. கேம்பஸுக்கு வருவதும் ஐ.டி. கம்பெனிகள்தான். சீனியர்கள் கோடிங் படி என்கிறார்கள்.

எனக்குத் தியரி பிடிக்கும். மேனுஃபேக்சரிங் லேபில்தான் மனசு ஒட்டவில்லை. லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டுவது ஐ.டி.ஐ. படித்தவர்கள் செய்கிற வேலை, எஞ்சினியருக்கு எதற்கு? இப்போது எல்லாம் கம்ப்யூட்டரே மெஷினை ஓட்டும் சி.என்.சி.தானே? போன வாரம் லேத்தில் ஒரு கம்பியை 20 மி.மீ. விட்டத்துக்கு டர்னிங் போட்டேன். கம்பியைப் பிடிக்கும் சக் பக்கம் அளவு சரியாக இருந்தது, நுனியில் 0.15 மி.மீ. கூடுதல். லேப் அண்ணன் “டெயில் ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பாகம்) குடுக்காம ஓட்டுனா அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரெக்கார்டில் சரியான அளவையே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

டிசைன் பக்கம் போகலாமா, மேனுஃபேக்சரிங்கில் எம்.இ. செய்யலாமா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு கோடிங் படிக்கலாமா? எலெக்ட்ரிக் வண்டி வந்தால் மெக்கானிக்கலுக்கு வேலையே இருக்காது என்கிறார்களே, உண்மையா?

கே.

அன்புள்ள கே,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், கேள்வியாக நினைக்காமல் போகிற போக்கில் எழுதிய ஒன்றைப் பார்த்துவிடுவோம். சக் பக்கம் அளவு சரி, நுனியில் 0.15 மி.மீ. கூடுதல். ஏன்?

எஸ்.ஓ.எம். (பொருள்களின் வலிமை பற்றிய பாடம்) படித்துக்கொண்டிருப்பீர்கள். கான்டிலீவர் பீமின் நுனியில் பாரம் வைத்தால் எவ்வளவு தொய்யும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள்: எஃப் எல் க்யூப் பை த்ரீ ஈ ஐ. அதில் எஃப் விசை, எல் நீட்டம், ஈ உலோகத்தின் விறைப்பு, ஐ குறுக்குவெட்டைப் பொறுத்த எண். ஒரு முனை சக்கில் பிடிபட்டு, மறுமுனை வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் கான்டிலீவர்தான். பாரம் மேலிருந்து இறங்கவில்லை, வெட்டும் டூல் பக்கவாட்டில் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போடுங்கள். விட்டம் 20 மி.மீ., சக்கிலிருந்து நீட்டம் 150 மி.மீ., டூல் தள்ளும் விசை 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீலுக்கு ஈ மதிப்பு சதுர மி.மீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். ஐ சுமார் 7,850. நுனி 0.07 மி.மீ. விலகும். ஜாப் (கடையும் கம்பி) அவ்வளவு தூரம் டூலை விட்டு ஒதுங்கிக்கொள்வதால் அந்த அளவு உலோகம் வெட்டுப்படாமல் தங்கிவிடும். இது ஆரத்தில். விட்டத்தில் இரண்டு மடங்கு, 0.14 மி.மீ. நீங்கள் எவ்வளவு நீட்டினீர்கள், எவ்வளவு ஆழமாக வெட்டினீர்கள் என்று எழுதவில்லை. ஆனாலும் நீங்கள் அளந்த 0.15 எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது தெரிகிறதல்லவா?

இப்போது நீட்டத்தைப் பாதியாக்குங்கள். எல் க்யூப் என்பதால் விலகல் எட்டில் ஒரு பங்காகிவிடும். விட்டத்தில் பிழை 0.02 மி.மீட்டருக்குள் வந்துவிடும். நீட்டத்தைக் குறைக்காமல் டெயில் ஸ்டாக் கொடுத்தாலோ, அதில் கம்பியைத் தாங்கும் கூர்முனை (செண்டர்) அசையாது என்று எடுத்துக்கொண்டால், அதிகபட்ச விலகல் முப்பது மடங்குக்கு மேல் குறையும். லேப் அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது இந்தக் கணக்கு முழுவதையும்தான். அவருக்கு அது கை அனுபவமாகத் தெரியும், உங்களுக்குச் சூத்திரமாகத் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று பார்க்கத் தெரிந்தவர்தான் எஞ்சினியர். உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவே. மற்றதெல்லாம் இதன் விரிவு.

விசைதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. சக்கைச் சுழற்றும் ஹெட் ஸ்டாக்கின் அலைன்மெண்ட் கெட்டிருந்தாலும் டேப்பர் (ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருப்பது) விழும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதே செட்டிங்கில் மெல்லிசாக ஒரு ஃபினிஷிங் கட் விடுங்கள். பிறகு ஆழத்தைக் கூட்டாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள். டேப்பர் குறைந்துகொண்டே வந்தால் ஜாப் வளைந்திருக்கிறது. அப்படியே நின்றால் மெஷினைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பாடப் பகுதியும் இதை இப்படிச் சேர்த்துக் கற்றுத்தராது. லேப் என்று ஒன்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

அந்த ரெக்கார்டு விஷயம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அளந்ததை அப்படியே எழுதி, கீழே காரணத்தையும் எழுதியிருந்தால் வகுப்பிலேயே சிறந்த ரெக்கார்டாக அது இருந்திருக்கும். கையெழுத்துக்காக அளவைத் திருத்தும் பழக்கம் கல்லூரியோடு நிற்பதில்லை. நாளை ஒரு பிரேக் பாகத்தின் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வரும்போது கூடவே வரும். இனிமேல் செய்யாதீர்கள்.

சி.என்.சி. வந்துவிட்டால் இதெல்லாம் வேண்டாம் என்பது சரியல்ல. நேர்கோட்டில் போ என்பதற்கான ஜி01 கட்டளையைக் கொடுத்தால் டூல் சொன்ன இடத்துக்குத் துல்லியமாகப் போய் நிற்கும். அங்கே கம்பி வளைந்து ஒதுங்கிக்கொண்டது அந்த மெஷினுக்குத் தெரியாது. எவ்வளவு நீட்டலாம், எத்தனை கட்டில் முடிக்கலாம், நடுவில் தாங்க ஸ்டெடி ரெஸ்ட் வேண்டுமா, புரோகிராமில் எவ்வளவு ஈடுகட்டலாம் என்பதெல்லாம் மெஷினுக்கு முன்னால் நிற்பவர் எடுக்க வேண்டிய முடிவுகள்.

டிசைனா மேனுஃபேக்சரிங்கா என்று கேட்கிறீர்கள். டிசைன் மூளை வேலை, செய்வது கை வேலை என்கிற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நீராவி எஞ்சினின் கதையைப் பாருங்கள். தனி கண்டென்சர் (நீராவியைக் குளிரவைக்கும் தனிக் கலம்) என்ற யோசனை ஜேம்ஸ் வாட்டுக்கு 1765-இல் உதித்தது. 1769-இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். டிசைன் முடிந்தது, எஞ்சின் ஓடவில்லை. அந்தப் பருமனுள்ள சிலிண்டரைச் சரியான வட்டமாகக் குடைந்துகொடுக்க ஆள் கிடைக்காததால் பிஸ்டனைச் சுற்றி நீராவி கசிந்தது. பீரங்கி குடைவதற்கு 1774-இல் புது முறை கண்ட ஜான் வில்கின்சன், பிறகு சிலிண்டருக்கென்றே ஒரு போரிங் மெஷின் செய்தார். அதுவரை குடையும் தண்டு ஒரு பக்கத் தாங்கலில் நீட்டிக்கொண்டிருந்தது, உங்கள் கம்பியைப் போலவே. வில்கின்சன் தண்டை சிலிண்டருக்குள் ஊடுருவ விட்டு இரண்டு முனையிலும் தாங்கினார். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட இல்லை என்ற நிலை வந்தது. 1776-இல் வாட்டின் எஞ்சின்கள் வேலைக்கு இறங்கின. பத்து வருடம் காத்திருந்த ஒரு டிசைனை உலகத்துக்குக் கொண்டுவந்தது ஒரு தயாரிப்பு முறை. இதில் யார் மூளை, யார் கை?

நம் ஊரில் இந்தப் பிரிவினை இன்னும் ஆழமானது. கையில் எண்ணெய் படுகிற வேலை தாழ்ந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். படிப்பு என்பதே அந்த எண்ணெயிலிருந்து தப்பிக்கும் வழி என்று பிள்ளைகளும் நம்புகிறார்கள். உங்கள் அப்பா ஒரு வெல்டர். ஸ்டீல் ப்ளேட் சூட்டில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அவர் முன்கூட்டியே கணித்து, எதிர்ப்பக்கம் டேக் (சிறு தற்காலிக வெல்டு) அடித்துவிட்டுத்தான் முழு வெல்டிங் வைப்பார். வெல்டிங் டிஸ்டார்ஷன் என்று உங்களுக்கு அது பாடமாக வரும். வரும்போது அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தையும் புத்தகம் சொல்லும் காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இதற்கு எதிர்முனையிலும் நம்மிடம் ஒருவர் இருந்தார். கோவையில் 1945-இல் எஞ்சினியரிங் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்த ஜி.டி. நாயுடு, எஞ்சினியரிங் படிப்புக்கு நான்கு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடியவர். பட்டறையிலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட மேதைக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல் க்யூப் என்றால் என்ன என்று உடம்பில் ஊறுவதற்கு நேரம் வேண்டும். நான்கு வருடம் அதிகமில்லை, அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

எலெக்ட்ரிக் வண்டி. பிஸ்டன், கிராங்க்‌ஷாஃப்ட், வால்வு, சைலன்ஸர் போன்ற பாகங்களை மட்டுமே நம்பியிருக்கும் கம்பெனிகளுக்கு நெருக்கடி உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மெக்கானிக்கலுக்கே வேலையில்லை என்பது தவறு. ஸ்கூட்டர் மோட்டாரின் அலுமினிய ஹவுசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 62 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஸ்டீல் பேரிங் உட்காருகிறது. ஒரு மீட்டர் நீளம் ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியத்தில் 23 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும், ஸ்டீலில் 12 மைக்ரான். மோட்டார் ஓடி இரண்டுமே 60 டிகிரி கூடுதலாகச் சூடானால், பேரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே 41 மைக்ரான் தளர்ச்சி வருகிறது. அந்த ஓட்டைக்கு எச்7 டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் பிழைக்கான ஒரு வரம்பு) போட்டால் மொத்த அனுமதியே 30 மைக்ரான்தான். காலையில் இறுக்கமாக இருந்த பேரிங் மதியம் தன் இருக்கையிலேயே சுழல ஆரம்பித்துவிடும். எவ்வளவு இறுக்கம் வைப்பது, ஸ்டீல் வளையம் வைத்து வார்ப்பதா, ஹவுசிங்கைச் சூடாக்கி பேரிங்கை இறக்குவதா? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறவர்கள் விடை வைத்திருக்க வேண்டிய கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தேடுவது மெக்கானிக்கல் படித்தவரின் வேலை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தால் பெரும்பாலும் தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவு. ஷிஃப்ட் இருக்கும், நின்றுகொண்டே செய்யும் வேலை. வீட்டில் கடன் இருந்து, உடனே சம்பளம் தேவைப்பட்டால் ஐ.டி. வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. கோடிங்கும் படியுங்கள், ஆனால் படிப்பை விட்டுவிட்டு அல்ல. மேலே போட்ட கணக்கையே பைத்தானில் எழுதி, நீட்டத்தை மாற்றி மாற்றி வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒரு தயாரிப்பு லைனில் நாள் முழுக்க அளந்த விட்டங்களை வைத்து டூல் எப்போது தேய்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மெக்கானிக்கல் ஆளுக்கு இன்று மதிப்பு அதிகம்.

இந்த விடுமுறைக்கு இன்பிளாண்ட் டிரெய்னிங் போவீர்கள். சர்ட்டிஃபிகேட்டை மட்டும் வாங்கி வருகிறவர்களோடு சேராதீர்கள். லைனைச் சுற்றிக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தரக் கட்டுப்பாட்டு மேஜைக்குப் போய், ரிஜெக்ட் ஆன பாகங்களைப் போடும் சிவப்பு டப்பா எங்கே என்று கேளுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு பாகத்தை எடுத்து, அது ஏன் அங்கே வந்தது என்று விசாரியுங்கள். ஆபரேட்டர் ஒன்று சொல்வார், சூப்பர்வைசர் இன்னொன்று சொல்வார், டிராயிங் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். மூன்றும் எங்கே சந்திக்கின்றன என்று தேடுவதிலேயே உங்கள் நாட்கள் போய்விடும். இறுதியாண்டு புராஜெக்டும் அங்கிருந்தே கிடைக்கலாம். கடையில் காசு கொடுத்து வாங்கும் புராஜெக்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எம்.இ. பற்றி இப்போதே முடிவெடுக்காதீர்கள். கேட் தேர்வுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து தயாராகுங்கள், ஆனால் முடிந்தால் ஒன்றிரண்டு வருடம் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். திருச்சி என்.ஐ.டி.யிலும் கோவை பி.எஸ்.ஜி.யிலும் புரொடக்ஷனுக்கென்றே துறைகள் இருக்கின்றன, கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியிலும் மேனுஃபேக்சரிங் இருக்கிறது. வார்ப்பா, வெல்டிங்கா, மெஷினிங்கா, அளவியலா என்பது வேலை பார்த்தபின் உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கேற்ற ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து அங்கே விண்ணப்பியுங்கள்.

அன்புடன்.