டெலிதான் (டெலிகிராமை பைத்தானில் இயக்கும் நூலகம்) ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் லாகின் கோட் கேட்கிறதே, ஏன்?

மொரீஷியஸின் ரோஸ் ஹில் கோயில் குழுவுக்குக் காவடி அறிவிப்பு அனுப்பும் ஸ்கிரிப்ட், கையால் ஓட்டினால் சரி, கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டால் திரும்பவும் போன் நம்பர் கேட்கிறது என்கிறீர்கள். டெலிகிராம் தந்த ஏபிஐ ஐடி, ஹாஷ் இரண்டும் தப்பில்லை. சிக்கல் செஷன் ஃபைலில், அதாவது உங்கள் லாகினைச் சேமித்து வைக்கும் ஃபைலில்.

ஸ்கிரிப்ட்டில் டெலிகிராமோடு இணைக்கும் டெலிகிராம்கிளையன்ட்டுக்கு முதலில் கொடுக்கும் பெயரில்தான் அந்த ஃபைல் உருவாகிறது, அதுவும் ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறதோ அங்கே. கிரான் வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டுவதால் பழைய ஃபைலைக் காணாமல் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறது. அதனால் வெறும் பெயருக்குப் பதில் முழுப் பாதையையும் கொடுத்து, ஒரே ஒரு தடவை கையால் ஓட்டி லாகின் செய்துவிடுங்கள். நம்பரை நாட்டு எண் +230 சேர்த்து அடியுங்கள், வெறும் 5-இல் தொடங்கும் 8 இலக்கம் மட்டும் போதாது. கோட் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில் வராது, டெலிகிராம் ஆப்பிலேயே வரும்.

அப்புறம், அந்தக் கோடை டெலிகிராமிலேயே யாருக்கும் அனுப்பாதீர்கள். என் தங்கை மகன் எனக்கு அப்படித்தான் அனுப்பினான், கோட் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை, பகிர்ந்த கோடை டெலிகிராம் ஏற்காது. இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தால் பாஸ்வேர்டும் கேட்கும்.

செஷன் ஃபைலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள், அது கையில் கிடைத்தவர் உங்கள் கணக்கிலேயே உட்கார்ந்துகொள்வார்.