தோட்டத்துப் பக்கம் நடந்தே கோல்ஃப் ஆட எந்தச் சப்பாத்து வாங்கலாம்?

கேள்வி: "அண்ணே, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். கோல்ஃப் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. பக்கி வண்டி எடுப்பதில்லை, நடந்தேதான் ஆடுகிறேன். 400 வெள்ளிக்குள் காலுக்கு இதமாகவும் நாள்பட உழைக்கிற மாதிரியும் ஒரு சப்பாத்து சொல்லுங்கள்."

தம்பி, நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். பிறந்தது தோட்டத்து லயத்தில், இப்போது இருப்பது டவுனில். பதினோரு வருஷமாக ஒரு 9 குழி மைதானத்தில் நடந்து ஆடுகிறேன். இப்போது போடுவதைத் தவிர, இதற்கு முன் ஆறு ஜோடி வாங்கியிருக்கிறேன். அதில் இரண்டு மட்டும்தான் அடி தேய்ந்து முடிந்தது. மற்ற நான்கும் தேய்வதற்கு முன்பே போய்விட்டன. அந்த நான்கும் எப்படிப் போயின என்பதை வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

400 வெள்ளியையும் ஒரே ஜோடியில் போடாதீர்கள். ஜோடிக்கு 200 வெள்ளி அளவில் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று அடியில் ஸ்பைக் (வழுக்காமல் தரையைப் பிடிக்கும் முள்) உள்ளது, இன்னொன்று ஸ்பைக் இல்லாதது. மாற்றி மாற்றிப் போடுங்கள்.

நம் ஊரில் சப்பாத்தைக் கொல்வது நடை இல்லை, ஈரம். காலை ஏழு மணிக்கு இறங்கினால் புல் முழுக்கப் பனி, இரண்டாவது குழி முடிவதற்குள் முன்பக்கம் நனைந்துவிடும். சாயங்காலம் இறங்கினால் மழை. சனிக்கிழமை நனைந்த தோல் சப்பாத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ந்திருக்காது, தொட்டால் உள்ளே சில்லென்று இருக்கும். அப்படியே மறுபடி போட்டால் தையல் இற்றுப் போகிறது, பசை விடுகிறது, கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. 600 வெள்ளி சப்பாத்தாக இருந்தாலும் இதே கதிதான். 200 வெள்ளி சப்பாத்துக்கு நடுவில் மூன்று நாள் ஓய்வு கொடுத்தால் அது அதைவிட அதிக நாள் வரும். என் கணக்கில் அப்படித்தான் வந்திருக்கிறது.

அடுத்து, மலிவு விலையில் கிடைக்கும் பழைய சரக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் இது. ஒரு கடையில் பெட்டி பிரிக்காத நல்ல பிராண்டு சப்பாத்து பாதி விலைக்குக் கிடைத்தது. தோல் பளபளவென்று இருந்தது, கால் அளவும் சரி. முதல் நாள் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆறாவது குழியைச் சுற்றியிருக்கும் கிரீன் என்ற ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தை உருட்டக் குனிந்தபோது, நான் நடந்து வந்த வழியெல்லாம் கறுப்புப் பொடி உதிர்ந்து கிடந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால் குதிகால் பக்கத்து நடு அடி (மேல்பாகத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் இருக்கும் மெத்தை) தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி இருந்தது. விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மிச்ச மூன்று குழியை வெறுங்காலில் நடந்து முடித்தேன்.

அது பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள். மெத்தென்று இருக்கும், லேசில் அமுங்கிப் போகாது, அதனால்தான் நல்ல சப்பாத்துகளில் வைக்கிறார்கள். ஆனால் காற்றில் உள்ள ஈரமும் சூடும் சேர்ந்து அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை வருஷக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கும். இதை நீராற்பகுப்பு என்கிறார்கள். போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் இது நிற்காது. குளிர் நாட்டில் பல வருஷம் கிடக்கிற சப்பாத்து நம் ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு நாள் தாங்காது. ஈவிஏ என்கிற இன்னொரு நுரை உண்டு. அது நாளாக ஆகக் கொஞ்சம் அமுங்கித் தட்டையாகும், ஆனால் இப்படிப் பொடியாக உதிராது. நடு அடி எது என்று கேளுங்கள், விற்பவருக்குத் தெரியாவிட்டால் பெட்டியிலோ கம்பெனியின் இணையப் பக்கத்திலோ பெரும்பாலும் இருக்கும். நாக்குப் பகுதியின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னச் சீட்டில் பல கம்பெனிகள் தயாரித்த தேதியையும் போடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். தேதி இல்லையா, கட்டைவிரல் நகத்தால் நடு அடியை அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, கால் அளவுக்கு வருவோம். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டினவர். சின்ன வயதில் கோல்ஃப் ஆடும் துரைமார்களுக்கு மட்டைப் பை தூக்கியிருக்கிறார், அதுவும் வெறுங்காலோடு. நான்கைந்து வருஷத்துக்கு முன்பு அவருக்கு ஒரு நடைச் சப்பாத்து வாங்க ஈப்போவுக்குக் கூட்டிப் போனேன். எட்டாம் நம்பர் நீளம் சரியாக இருந்தது, ஆனால் கால் உள்ளே நுழையவில்லை. கடைக்காரர் ஒன்பது, பத்து என்று ஏற்றிக்கொண்டே போனார். பத்தில் கால் நுழைந்தது, முன்னால் ஒன்றரை விரல் காலியாகக் கிடந்தது, அவர் நடந்தபோது குதிகால் கழன்று கழன்று வந்தது. வெறுங்காலில் வளர்ந்தவர்களின் பாதம் விரல் பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அப்பா பாதத்தின் அச்சு அப்படியே எனக்கும் வந்திருக்கிறது. நம்மில் நிறையப் பேருக்கு நீளம் பிரச்சினை இல்லை, அகலம்தான் பிரச்சினை. அதற்கு நம்பரை ஏற்றக்கூடாது. அகலக் கால் அளவு என்று தனியாக உண்டு, பெட்டியில் 2இ, 4இ என்று போட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று சொல்கிறேன், ஐந்து நிமிஷம்கூட ஆகாது. சப்பாத்துக்குள் பாதம் பதியும் உள்தாளை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை தாளுக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு இல்லை. நீள விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். அப்புறம் இரண்டு காலிலும் போட்டு, கயிறு கட்டி, கையில் மட்டை இருக்கிற மாதிரி ஒரு முழு ஸ்விங், அதாவது மட்டையை முழுசாக வீசுகிற மாதிரி செய்து பாருங்கள். நீங்கள் வலது கைக்காரர் என்றால் கடைசியில் உடம்புப் பாரம் முழுக்க இடது காலின் வெளி விளிம்புக்குப் போகும். அந்த நேரத்தில் பாதம் சப்பாத்துக்குள்ளேயே வழுக்கி வெளிப்பக்கம் பிதுங்கக்கூடாது. ஓட்டச் சப்பாத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. அது முன்னோக்கி ஓடுவதற்குச் செய்தது, பக்கவாட்டில் தாங்குவதற்கு இல்லை.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நின்று பாடம் நடத்திய கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், 18 குழியில் எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் நடந்த காலும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் ஆடப்போகும் அதே காலுறையைக் கொண்டு போங்கள்.

இப்போது ஸ்பைக் விஷயம். அப்பா காலத்துத் துரைமார் சப்பாத்தில் இரும்பு முள் இருக்குமாம், கிளப் பலகைத் தரை முழுக்க அதன் ஓட்டைகள்தான் என்பார். 1990களில் பிளாஸ்டிக் முள் வந்தபிறகு பெரும்பாலான மைதானங்கள் இரும்பு முள்ளை உள்ளே விடுவதில்லை. ஸ்பைக் இல்லாத சப்பாத்து பரவலாகப் பேசப்பட்டது அமெரிக்காவில் நடந்த 2010 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஆட்டக்காரர் பிரெட் கப்பிள்ஸ் எக்கோ கம்பெனியின் அந்த மாதிரி ஒன்றைப் போட்டு ஆடியபிறகுதான். அதில் அடி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் இருக்கும். நடக்க அது சுகம், எடை குறைவு, கார் ஓட்டிக்கொண்டு வந்து அப்படியே இறங்கலாம். காய்ந்த தரைக்கு அது போதும்.

ஆனால் நம் பக்கத்துச் செம்மண் சரிவு மழையில் நனைந்தால் வேறு கதை. குமிழ்களுக்கு நடுவில் மண் அப்பிக்கொண்டு அடி வழவழவென்று ஆகிவிடும், சரிவில் நின்று அடிக்கும்போது பின்கால் இழுக்கும். அந்த மாதங்களில் ஸ்பைக்தான் சரி. ஆக, மழை மாதங்களிலும் பனி ஊறிய காலையிலும் ஸ்பைக் ஜோடி, மற்ற நாளில் ஸ்பைக் இல்லாத ஜோடி. ஸ்பைக்கைத் திருகிக் கழற்றி மாற்றலாம் என்பது இன்னொரு லாபம், அடி தேய்ந்தால் முழுச் சப்பாத்தையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. எல்லாச் சப்பாத்துக்கும் ஒரே திருகு கிடையாது, பொருத்தும் முறை மாறும். வாங்கும்போதே அதே வகையில் ஒரு பாக்கெட்டும் திருகுச் சாவியும் சேர்த்து வாங்கிவிடுங்கள். தார் போட்ட கார் நிறுத்தத்தில் நடந்தால்தான் ஸ்பைக் சீக்கிரம் தேயும், அதனால் புல்லுக்குப் பக்கத்தில் வந்து மாட்டுங்கள். மொட்டையாகும் வரை விட்டால் சாவிக்குப் பிடி கிடைக்காது.

தண்ணீர் புகாத சப்பாத்து என்று அதிக விலை சொல்வார்கள். குளிர் நாட்டுக்கு அது தேவைதான். நம் மழை மேலிருந்து கணுக்கால் வழியாக உள்ளே இறங்கும், இறங்கின தண்ணீர் வெளியே போக வழி இருக்காது. என்னைக் கேட்டால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பிராண்டு கேட்பீர்கள். ஃபுட்ஜாய், எக்கோ, அடிடாஸ் எல்லாம் நல்லவைதான், ஆனால் 200 வெள்ளிக்குப் புதுச் சரக்கு கிடைப்பது கஷ்டம். டெக்காத்லான் விளையாட்டுக் கடையின் சொந்த பிராண்டு இனெசிஸ் இந்த விலைக்குப் பக்கத்தில் வரும், நான் இப்போது போடுவதில் ஒன்று அதுதான், இரண்டு வருஷம் ஆகிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தைப் பார்த்திருப்பீர்கள், ஊரே அடிடாஸ் கம்போங் என்று சொல்லும். முழுசும் ஒரே வார்ப்பு, தையலும் இல்லை பசையும் இல்லை, அதனால் பிய்வதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, அந்த மரத்துப் பாலை நம்பித்தான் நம் பாட்டன்மார் இங்கே பிழைத்தார்கள். ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கடையில் அந்தக் கண்ணோடு பாருங்கள். மேல்பாகமும் அடியும் சேரும் கோட்டில் பசை மட்டுமா, தையலும் ஓடுகிறதா, பசை எங்காவது வழிந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். நான் பெயரைவிட அந்தக் கோட்டைத்தான் நம்புகிறேன்.

வாங்கினபிறகு காரின் பின்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் பசை இளகி அடி வாயைத் திறந்துவிடும், என் இரண்டு ஜோடி அப்படித்தான் போயின. வீட்டுக்கு வந்ததும் பழைய பல் துலக்கியால் அடி மண்ணைத் தேய்த்து எடுங்கள். உள்தாளை உருவித் தனியாகக் காயவையுங்கள். பழைய நாளிதழைக் கசக்கி விரல் நுனி வரை திணித்து, மின்விசிறிக்குப் பக்கத்தில் வையுங்கள், வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். மறுநாள் காலையில் அந்தத் தாளை எடுத்தால் ஈரத்தில் கனத்திருக்கும். புதுத் தாள் திணித்து இன்னொரு ராத்திரி விடுங்கள். நடுவில் ஆட்டம் வந்தால் மற்ற ஜோடியைப் போட்டுக்கொண்டு போங்கள்.