ஏர்பஸ் ரேட்டிங்குக்கு நிலத்தை விற்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. பிடித்தம் போகக் கையில் வருவது 68,000 ரூபாய். கணவர் ஐந்து ஏக்கர் நஞ்சையில் விவசாயம் பார்க்கிறார். மகன் வட மாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கிறான். மொத்தக் கட்டணம் 42 லட்சம். டவுன் வீட்டை ஈடு வைத்து 30 லட்சம் கல்விக்கடன் 11 சதவீதத்துக்குச் சாங்ஷன் ஆனது. அதில் 24 லட்சம் எடுத்திருக்கிறோம். நகைக்கடன் 9 லட்சம். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்த 14 பவுன் பீரோவில் இருக்கிறது. கடன் வாங்கும்போது பேங்கில் ஒரு யூலிப் பாலிசியும் (காப்பீடும் பங்குச் சந்தை முதலீடும் கலந்தது) எடுக்க வைத்தார்கள். பேங்கில் அந்த சர்டிபிகேட், இந்த சர்டிபிகேட் என்று இழுத்தடித்தார்கள், பள்ளியில் அவசரப்படுத்தினார்கள் என்பதால் தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு 6 லட்சம் வாங்கிக் கட்டினோம். 14 மாதத்தில் மகன் 118 மணி நேரம் பறந்திருக்கிறான். பாக்கி 3 லட்சத்தை இந்த மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியோ, “வெறும் லைசென்ஸை வச்சுக்கிட்டு வேலை கிடைக்காதுக்கா, ஒன்றரை ஏக்கரை வித்து இப்பவே ஏர்பஸ் டைப் ரேட்டிங்குக்கு 18 லட்சம் கட்டிடு, குறையிறதை நான் போடுறேன்” என்கிறான். அது ஏர்பஸ் விமானத்தை ஓட்டத் தனியாக எடுக்கும் தகுதியாம். அவன் மகளை என் மகனுக்குக் கொடுக்கும் எண்ணமும் அவனுக்கு இருக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: நிலத்தை விற்க வேண்டாம். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது தம்பியும் இல்லை, ஏர்பஸ்ஸும் இல்லை. பேங்க் தாமதிக்கிறது என்று வட்டிக்காரரிடம் போய் நின்றீர்களே, அந்தப் பழக்கம்தான். பள்ளியிலிருந்து போன் வந்தால் உடனே பணம் புரட்டிக் கட்டிவிடுகிறீர்கள். கட்டிய பணத்துக்குப் பையன் எத்தனை மணி நேரம் பறந்தான் என்று ஒரு தடவைகூடக் கணக்குப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்துவிடுவோம். சிறிய விமானத்தில் மணிக்கு 16,000 ரூபாய் என்று பள்ளியின் கட்டண அட்டையில் இருக்கிறது. 118 மணிக்கு ஏறக்குறைய 19 லட்சம். கிரவுண்ட் கிளாஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் 14 மாதத்துக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக மகன் இதுவரை அனுபவித்தது 24 லட்சம். நீங்கள் கட்டியது 24, 9, 6 என்று மொத்தம் 39 லட்சம். மீதி 15 லட்சம் இன்னும் பறக்காத மணி நேரத்துக்கு முன்பணமாகப் பள்ளியில் கிடக்கிறது.

அந்த 15 லட்சம் எங்கிருந்து போனது? 9 லட்சம் நகைக்கடன், 6 லட்சம் இரண்டு வட்டிப் பணம். நகைக்கு 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 90,000. கைமாற்றுக்கு மாதம் 12,000, வருடம் 1,44,000. இரண்டும் சேர்ந்து 2,34,000. பதினான்கு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகப் பறக்க வேண்டிய பணத்தை, ஒரு வருடத்தில் சும்மா வட்டியாகக் கொடுக்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: அறுவடைக்கு வருகிற செயின் மெஷினுக்கும் மணிக்கணக்கில்தான் வாடகை. மெஷின் வயலில் இறங்குவதற்கு முன்பே முழு வாடகையையும், அதுவும் வட்டிக்கு வாங்கி, அவர் கொடுப்பாரா? பத்து நிமிஷம் மெஷின் நின்றால்கூட வரப்பில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பறக்கும் மணியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பேங்க் கேட்ட சர்டிபிகேட் தொல்லைக்காகக் கேட்டதில்லை. இதுவரை இத்தனை மணி பறந்தான், அடுத்த தவணை எதற்கு என்று பள்ளி எழுதித் தர வேண்டும் என்பதுதான் அது. உங்களைக் காப்பாற்றும் காகிதமும் அதுவே. பயிற்சிப் பள்ளிகளை அப்படியே நம்பிவிடக் கூடிய நிலைமையும் இல்லை. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ 2025-இல் பள்ளிகளுக்குத் தரவரிசை போட ஆரம்பித்தது. முதல் பட்டியலில் ஒரு பள்ளிகூட மேல் இரண்டு தரத்திலும் இல்லை.

எனவே இந்த 3 லட்சத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். பேங்கில் இன்னும் 6 லட்சம் எடுக்காமல் இருக்கிறது. முதலில் மகன் பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கின் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தின் அடியில் கூட்டல் இருக்கும். மொத்த நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. லைசென்ஸுக்கு வேண்டியது 200 மணி. அதில் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்று, 100 மணி. அந்தக் கணக்கில் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் பறப்பது, 20 மணி, அதிலும் ஒரு பயணம் 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையக் கூடாது. இரவில் 5 மணி. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் 10 மணி. 118 மணியில் பெரும்பகுதி இன்ஸ்ட்ரக்டரோடு பறந்ததாக இருந்து, பைலட் இன் கமாண்ட் கட்டத்தில் 40 மட்டும் நின்றால், பாக்கி 82 மணியில் 60 மணி அந்தக் கட்டத்துக்கே போக வேண்டும். அதற்குத் திட்டம் என்ன என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். கூடவே இன்றைய தேதி வரை எங்கள் பணம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ஒரு ஸ்டேட்மென்ட் கேளுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போங்கள்.

பாக்கி 82 மணிக்கு, 16,000 வீதம், 13 லட்சம். மல்டி இன்ஜின் விமானத்தில் பறக்கும் மணிகளுக்கு விலை அதிகம், அதனால் இது கொஞ்சம் ஏறும். ஹாஸ்டல் செலவும் உண்டு. உள்ளே கிடக்கும் 15 லட்சமும் பேங்கில் பாக்கியுள்ள 6 லட்சமும் அதற்குப் போதும். வேறு கடனே தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பணத் தகராறில் பையனை ஊருக்குக் கூப்பிட்டு மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடாதீர்கள். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணியாவது பைலட் இன் கமாண்டாகப் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. இடைவெளி விழுந்தால் அந்த மணிகளை மறுபடி காசு கொடுத்துப் பறக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வட்டியை உடனே முடிக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு என்று 14 பவுன் பீரோவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனசு கேட்காது, புரிகிறது. ஆனால் அதை பேங்கில் வைத்து இந்த 6 லட்சத்தை அடைத்தால் 24 சதவீதக் கடன் 10 சதவீதக் கடனாகிறது. வருடத்துக்கு 84,000 மிச்சம். தையிலும் மாசியிலும் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறும்போது, செலவு போக ஏக்கருக்கு 20,000 நின்றால்கூட ஒரு லட்சம். அதில் பாதி இந்த நகைக்குப் போகட்டும். 9 லட்சத்து நகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடன் வாங்கும்போது பேங்கில் ஒரு யூலிப் பாலிசியைக் கையில் திணித்திருக்கிறார்கள், வருடம் 1,20,000 பிரீமியம், “பையன் சம்பாதிக்கிறப்போ கடன் தானா அடைஞ்சிடும்மா” என்று. இப்படிச் சொல்லி விற்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 11 சதவீதத்துக்குக் கடன் வாங்கியவர் பங்குச் சந்தை நல்லபடியாக ஓடினால் அதை அடைக்கலாம் என்று பிரீமியம் கட்டுவது எந்த ஊர்க் கணக்கு? அடுத்த பிரீமியத்தை நிறுத்துங்கள். பணத்தை எடுக்க முடியாத ஐந்து வருட லாக்-இன் முடிந்ததும் மீதியைத் தருவார்கள். பாலிசியைச் சரண்டர் செய்கிறேன் என்று அதன் பின்னால் அலைய வேண்டாம். அதற்குப் பதிலாக மகன் பெயரில் 30 லட்சத்துக்கு, உயிருக்கு ஏதாவது ஆனால் மட்டும் பணம் தரும் சாதாரண டெர்ம் பாலிசி எடுங்கள். விண்ணப்பத்தில் ஸ்டூடன்ட் பைலட் என்பதை மறைக்காதீர்கள். பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை. மறைத்தால் கிளெய்ம் வரும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

இனி தம்பி சொல்வது. வெறும் லைசென்ஸோடு வேலை கிடைப்பது கஷ்டம் என்பதில் உண்மை இருக்கிறது. 2019-இல் ஜெட் ஏர்வேஸும் 2023-இல் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றபோது, ஆயிரக்கணக்கான மணி பறந்த பைலட்டுகளே வேலை தேடி அலைந்தார்கள். அதற்காக டைப் ரேட்டிங்கை இப்போதே வாங்கி வைப்பது தீர்வாகாது. டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான தகுதி. இண்டிகோவில் ஏர்பஸ் ஏ320 இருக்கிறது, ஏடிஆர் என்ற சிறிய விமானமும் இருக்கிறது. ஆகாசாவில் போயிங் 737 மட்டும். உங்கள் மகனை யார் எடுப்பார்கள், எந்த விமானத்தில் உட்கார வைப்பார்கள் என்று லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே யாரால் சொல்ல முடியும்? எடுத்த ரேட்டிங்கும் பறக்காமல் கிடந்தால் அப்படியே நிற்காது. திரும்ப சிமுலேட்டர், திரும்ப செக், திரும்பப் பணம். இப்படி ரேட்டிங் விற்கிற ஏஜென்டுகளுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும்.

லைசென்ஸ் வந்து ஒன்றரை வருடம் சம்பளமே இல்லை என்று வைத்தே கணக்குப் போடுங்கள். 30 லட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 27,500. தவணை ஆரம்பித்தால் 15 வருடத்துக்கு மாதம் 34,000 சொச்சம். உங்கள் சம்பளத்தில் பாதி. கஷ்டம்தான், ஆனால் நிலத்தைத் தொடாமல் சமாளிக்க முடிகிற கஷ்டம். நீங்கள் கட்டும் கல்விக்கடன் வட்டிக்கு வரி விலக்கு உண்டு, பழைய வருமான வரி முறையில் இருந்தால் மட்டும்.

தம்பியின் பணத்தை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கல்யாணப் பேச்சு இருக்கிற இடத்தில் வாங்கும் பணத்துக்கு வட்டி இருக்காது, ஆனால் பையனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை போய்விடும். 21 வயதில் அவன் தலையில் அந்தக் கடனும் ஏற வேண்டாம். “லைசென்ஸ் முடியட்டும்டா தம்பி, கம்பெனி கூப்பிட்டதும் உன்கிட்டதான் முதல்ல கேப்பேன்” என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார், பொங்கலுக்கு வரும்போது சரியாகிவிடும். ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து மகனுக்குக் கடிதம் வந்தால், எந்த விமானம், ரேட்டிங் செலவு யாருடையது, வேலையை விட்டுப் போகக் கூடாது என்ற பாண்ட் எத்தனை வருடம் என்பதை எழுதி எனக்கு அனுப்புங்கள். டைப் ரேட்டிங் கடனைப் பற்றி அப்போது பேசுவோம்.