காக்டெயில் கிளிக்கு விசில் பழக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் காக்டெயிலுக்கு ஐந்து மாதம். விசில் மெட்டு ஒன்றைப் பதிந்து மொபைலில் நாள் முழுவதும் ஓடவிடுகிறேன். ஒரு மாதமாகியும் திருப்பிப் பாடவில்லை. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா?

பதில்: வசம்பு வேண்டவே வேண்டாம். பறவையின் குரல் நாக்கில் பிறப்பதில்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் பிறக்கிறது. நாக்கைத் தேய்த்தால் உங்கள் கையைக் கண்டாலே பயப்படும், அவ்வளவுதான்.

முதலில் அது ஆணா என்று பாருங்கள். விசிலடிப்பது பெரும்பாலும் ஆண்தான். சாம்பல் நிறப் பறவையானால், ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் முதல் இறகு உதிர்ந்து முளைத்ததும் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும், வாலின் அடிப்பக்கக் கோடுகள் மறையும். பெண்ணுக்குக் கோடுகள் அப்படியே இருக்கும். லுட்டினோ என்ற மஞ்சள்-வெள்ளை நிற வகையில் கண்ணால் சொல்வது கடினம். இறகு கொடுத்து டிஎன்ஏ சோதனை செய்துகொள்ளலாம்.

உங்கள் முறையில் உள்ள கோளாறு மொபைல்தான். கூட்டமாக வாழும் பறவை, தன்னோடு உறவாடும் குரலைத்தான் பிடித்துக்கொள்ளும். ஓயாமல் ஓடும் பதிவு அதற்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைப் பழக்கிய ஐரீன் பெப்பர்பெர்க், ஒலிநாடாவை மட்டும் கேட்ட கிளிகள் சொற்களைக் கற்கவில்லை என்று ஆய்வில் காட்டினார்.

காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் போதும். டிவியை அணையுங்கள், கூண்டுக்குள் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். பிம்பத்தோடு பேசும் பறவை உங்களைக் கவனிக்காது. ஒரு அடி தூரத்தில் முகத்துக்கு நேராக நின்று, மூன்று நான்கு சுரம் மட்டுமே உள்ள துண்டை ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் அடியுங்கள். பிறகு பத்து விநாடி மௌனம். இந்த இடைவெளியைத்தான் பலரும் விடுவதில்லை. அது முயன்று பார்க்க நேரம் வேண்டாமா? கொண்டை பாதி நிமிர்ந்து தலை சாய்ந்தால் கேட்கிறது என்று அர்த்தம். கொண்டையைப் படுக்கவைத்துச் சீறினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

முதலில் முணுமுணுப்பாகத்தான் வரும். அதற்கே அந்தக் கணத்தில் தினைக்கதிரில் ஒரு கடி கொடுங்கள். முழு மெட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். துண்டு தெளிந்தபின் அடுத்ததைச் சேருங்கள். மிக்ஸி, காலிங்பெல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டால் சிரிக்கவும் திட்டவும் வேண்டாம். இரண்டும் அதற்குப் பரிசுதான்.

பேச்சும் வேண்டுமென்றால் சொல்லை முதலில் பழக்குங்கள். விசில் எளிது, அது வந்தபின் சொல்லில் நாட்டம் குறைந்துவிடும்.

பட்ஜி என்ற சிறு கிளியில் ஆணுக்கும் இதே முறைதான். பச்சைக்கிளியை மட்டும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.