விழுந்த பூவரசை மொட்டை மாடியில் காய வைக்கலாமா?

வீரவநல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஆடிக் காற்றில் எங்கள் புறவாசல் பூவரசு சாய்ந்துவிட்டது. அடிமரம் நாலடிச் சுற்றளவு. இரண்டடி நீளத் துண்டுகளாக அறுத்து மொட்டை மாடியில் வெயிலில் போட்டுப் பத்து நாள் ஆகிறது. முனைகளில் வெடிப்பு விழுகிறது. சின்ன லேத் ஒன்று வாங்கியிருக்கிறேன். பேத்திக்குச் சொப்புச் சாமானும் வீட்டுக்கு ஒரு கிண்ணமும் கடைய ஆசை. ஒரு வருஷம் அப்படியே கிடந்தால் காய்ந்துவிடுமா? மர வியாபாரி விறகு விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?"

கொடுக்காதீர்கள். ஆனால் இன்றைக்கே மாடியிலிருந்து இறக்கிவிடுங்கள். உருட்டுக்கட்டையாக ஒரு வருஷம் போட்டால் காயாது, பிளந்துதான் போகும்.

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழுக்கட்டையில் அந்த இழுவைக்கு வேறு வழியில்லை, எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். இன்னொன்று, ஈரம் பட்டைப் பக்கத்தை விட அறுத்த முனை வழியாகப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெளியேறும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றும் மாடி வெயிலும் சேர்ந்தால் முனை காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும். நீங்கள் பார்க்கிற வெடிப்பு அதுதான்.

செய்ய வேண்டியது இது. வெடித்த முனையை, கீறல் இல்லாத மரம் தெரியும் வரை அறுத்துத் தள்ளுங்கள். ஒவ்வொரு கட்டையையும் நடுமையத்தின் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மையம் ஓடுகிற அந்தக் கீற்றை ஒரு அங்குலம் செதுக்கி எடுத்துவிடுங்கள். உடனே, நாளைக்கு என்று வைக்காமல், இரண்டு முனையிலும் வீட்டில் மிச்சமிருக்கிற பெயின்டையோ உருக்கிய மெழுகையோ கெட்டியாகப் பூசி, காற்று நேராக அடிக்காத நிழலில் அடுக்குங்கள்.

கிண்ணத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். பச்சையாக இருக்கும்போதே லேத்தில் ஏற்றி, சுவரில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டு முரட்டாகக் கடையுங்கள். எட்டு அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் முக்கால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அதே மரச்சுருளோடு பழுப்புக் காகிதப் பையில் போட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் வைத்து, எடையை அடியிலேயே பென்சிலால் குறியுங்கள். மூன்று வாரம் எடை அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அதற்குள் கிண்ணம் வட்டம் மாறி முட்டையாகியிருக்கும், பயப்பட வேண்டாம். காய்ந்த பிறகு மறுபடி கடைந்து அதைச் சரிசெய்யத்தான் அந்தத் தடிமனை விடச் சொன்னேன்.

பூவரசு இதற்கென்றே பிறந்த மரம். வைரம், அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த மரம், சாக்லேட் நிறம், சுருக்கம் குறைவு, உளிக்கு வெண்ணெய் மாதிரி இணங்கும். ஹவாய் தீவுக்காரர்கள் இந்த மரத்திலும் சாப்பாட்டுக் கிண்ணம் செதுக்கினார்கள். பட்டையை ஒட்டிய வெளிறு மட்டும் சீக்கிரம் உளுத்துப்போகும். வண்டு துளைத்து மாவு கொட்டும். முடிந்தவரை வைரத்தில் கடையுங்கள்.

மையம் உள்ள துண்டைக் கடையவே கூடாதா என்றால், ஒரே ஒரு இடத்தில் கூடும், அது உங்கள் சொப்புச் சாமானில்தான். இரண்டங்குலக் கிளையில் குடம், உரல், டம்ளர் என்று குடைந்தெடுக்கிற சாமான்களில் நடுமையம் துளையோடு போய்விடும். சுவர் மெல்லிசாக இருப்பதால் சுருங்கும்போது வளைந்துகொடுக்கும். ஆனால் அடியில் மையம் அப்படியே நிற்கும், அங்கே நட்சத்திரம் மாதிரி கீறல் விழும். அதற்கு அடியிலும் அரை அங்குலத் துளை போட்டு விட்டுவிடுங்கள். சாமான் நன்றாகக் காய்ந்த பிறகு, காய்ந்த மரத்துண்டு ஒன்றைக் கடைந்து செருகி ஒட்டுங்கள். துளையை மறந்து அடியை மூடியே கடைந்தால் இந்தச் சலுகை இல்லை. உலக்கை, குழவி மாதிரி குடையாத சாமானுக்கும் இல்லை, அவற்றைப் பிளந்த துண்டில்தான் எடுக்க வேண்டும். பச்சைக் கிளையை அப்படியே கடைந்து அரக்கை ஏற்றி, தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கிறவர்கள் உண்டு. வாங்கிய சில மாதத்தில் நீளவாக்கில் பிளக்கும், அரக்கும் செதில் செதிலாக உரியும். பிள்ளை வாயில் வைக்கிற பொருள். இப்படிச் செய்யலாமா?

இனி வியாபாரி. "அண்ணாச்சி, இது உள்ளே பொந்து, விறகுக்குத்தான் ஆகும், நானே அள்ளிட்டுப் போறேன்" என்று சொல்லியிருப்பார். அடிமரத்தை அறுத்த முகத்தில் பொந்து இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாமே. ஒருவேளை விற்றாலும் டன் கணக்கில் விற்காதீர்கள், கன அடியில் பேசுங்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது கடைக்கணக்கு. நாலடிச் சுற்றும் ஆறடி நீளமும் உள்ள மரத்துக்கு அந்தக் கணக்கில் 6 கன அடி வரும், உண்மையில் இருப்பது 7.6. இது போதாதென்று மெலிந்த முனையில் நாடாவைப் பிடித்துப் பட்டைக்கும் கழிப்பார்கள். "வனத்துறை கேஸ் வரும்" என்று பயமுறுத்தினாலும் கலங்காதீர்கள். நீங்கள் அதை எங்கும் ஏற்றிக்கொண்டு போகவில்லை, சொந்தப் புறவாசல் பூவரசை வீட்டிலேயே கடைகிறீர்கள். தேக்கு, ஈட்டி, சந்தனம் மட்டும் வேறு கதை. சொந்த நிலத்தில் நின்றாலும் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுவதுதான் நல்லது.

சாலை அகலப்படுத்துகிறபோது விழுகிற மரங்களுக்கு இந்தக் கொடுப்பினையும் இல்லை. ஒரு முறை, வெட்டிப் போட்ட புளியமரத்தில் இரண்டு துண்டு மட்டும், உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். மொத்தமாக ஏலம், துண்டு துண்டாகத் தர விதி இல்லை என்றார்கள். மூன்று முறை நடந்தேன். நாலாவது முறை போகும்போது அது செங்கல் சூளைக்குப் போயிருந்தது. தலைமுறை தலைமுறையாக நிழல் தந்த மரம்! ஒரு கடைசல்காரனுக்கு இரண்டு துண்டு தர ஒரு காகிதம் போட முடியாதா?

உங்கள் மரத்தில் கிளை பிரிகிற கவட்டையை விறகென்று ஒதுக்கியிருந்தால் தேடி எடுங்கள். இரண்டு மையங்களும் ஒரே அறுப்பில் பிளக்கும்படி வாளைப் பிடித்தால் உள்ளே மயிலிறகு மாதிரி ரேகை ஓடும். அதில் சொப்பு கடையாதீர்கள், கிண்ணத்துக்கு வையுங்கள்.