படத்தைப் பற்றி யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: கொழும்பு, புறக்கோட்டைச் சந்து ஒன்றில் கைவண்டி இழுத்துவந்த நாட்டாமை (சுமை தூக்கும் தொழிலாளி) ஒருவரைப் படம் பிடித்தேன். வட்ஸ்அப்பில் போட்டதும் எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். படம் பிடிப்பதில் அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர் மட்டும் நான்கு குறை சொன்னார்: வானம் வெள்ளையாகப் போய்விட்டது, கை கலங்கியிருக்கிறது, படம் கோணல், ஆள் நட்டநடுவில் நிற்கிறார். அதன் பிறகு கமெராவைத் தொடவே மனம் வரவில்லை. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: "சூப்பர்" என்பதை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், தங்கச்சி. அது உங்கள் மேலுள்ள பிரியம். படத்தைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை.

மூத்தவர் சொன்ன நான்கும் ஒரே ரகம் அல்ல. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வானத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. முற்றாக வெளுத்துப்போன இடத்தில் கமெரா எதையும் பதிவதில்லை, பிறகு கணினியில் இருட்டாக்கினாலும் சாம்பல்தான் வரும். நிழலை ஓரளவு தூக்கி எடுக்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது. ஆகவே நடுப்பகலில் ஒரு ஸ்டொப் குறைத்து, அதாவது கமெராவுக்குள் விழும் வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுங்கள், இல்லாவிட்டால் வானமே வராதபடி கொஞ்சம் கீழே பார்த்து எடுங்கள்.

கை கலங்கியதும் உண்மைதான். ஆனால் சுவரும் கடைப் பலகையும் கூர்மையாக இருக்கின்றன. உங்கள் கை ஆடியிருந்தால் எல்லாமே கலங்கியிருக்கும். இங்கே அசைந்தது அவர், வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது. நடக்கிற ஆளை நிறுத்திப் பிடிக்க 1/250 நொடியாவது வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கமெராவின் ஒளியுணர்திறனைக் கூட்டினால் படத்தில் மணல்போலப் புள்ளிகள் கொஞ்சம் விழும், விழட்டும். அந்த அசைவு வேண்டுமென்றே விட்டதா, தானாக வந்ததா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தானாக வந்ததென்றால் அது பிழை.

கோணலில்தான் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. படத்தை நிமிர்த்திப் பார்த்தேன். நிமிர்த்தியதும் வண்டியின் பாரம் போய்விட்டது, மனிதர் சும்மா நிற்கிறார்! நட்டநடுவில் நிற்பதும் அப்படித்தான். இருபக்கக் கடைகளும் ஒடுங்கி அவரிடம் வந்து சேர்கிற சந்தில் அவரை வேறு எங்கே நிறுத்துவது? ஆளை நடுவில் வைக்காமல், படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோட்டில் வை என்கிற மூன்றில் ஒரு பங்கு விதி பழகுகிறவர்களுக்கு ஓர் ஊன்றுகோல், அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனைத் தெரிந்திருக்கும். 48 வயதில் முதல் கமெரா கையில் கிடைத்தது. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். அவருடைய படங்கள் தெளிவில்லை, படம் பதியும் கண்ணாடித் தட்டில் கீறலும் கறையும் இருக்கின்றன என்று அன்றைய இங்கிலாந்துப் புகைப்பட இதழ்கள் கடுமையாக எழுதின. கீறலும் கறையும் இருந்தது உண்மை. அவர்கள் பார்த்தது சரி, அதற்குப் போட்ட விலைதான் பிழை. அதே காலத்தில், 1865இல், லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அந்தப் படங்களை விலைகொடுத்து வாங்கியது. இதை வாசித்துவிட்டு "என்னையும்தான் திட்டுகிறார்கள்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கலங்கிய படங்களில் பெரும்பாலானவை வெறும் கலங்கிய படங்களே.

சரி, அப்படியானால் எப்படிக் கேட்பது? படத்தைக் காகிதத்தில் பிரிண்ட் போடுங்கள். கைபேசியில் எல்லோரும் விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள். ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேரிடம் தனித்தனியே காட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "முதலில் கண் எங்கே போனது?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள், இதுதான் கஷ்டம். நீங்கள் விளக்கத் தொடங்கினால் அவர்கள் படத்தை விட்டு உங்களைப் பார்ப்பார்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் வைத்தியத்தை மட்டும் அப்படியே செய்ய வேண்டாம். தலைக்குப் பின்னாலுள்ள சிவப்புப் பெயர்ப்பலகை கண்ணை இழுக்கிறது என்றால் ஒருவர் வெட்டச் சொல்வார், இன்னொருவர் கறுப்பு வெள்ளையாக்கச் சொல்வார். நீங்கள் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாலே போதும்.

படம் பிடிக்கத் தெரியாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை முகத்துவாரத்தில் எடுத்த படமொன்றுக்கு "வலை பொத்தும் முதியவர்" என்று தலைப்புப் போட்டுக் காட்சிக்கு வைத்தேன். ஒளி, அமைப்பு என்று பலர் பாராட்டினார்கள். பார்க்க வந்த மீனவர் ஒருவர் சிரித்தார். "ஐயா, அவர் வலை பொத்தவில்லை, நண்டு கழற்றுகிறார்." இத்தனை விமர்சகர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை, எனக்கும்தான்.

அதனால் காலை ஏழு மணி போல அதே சந்துக்குப் போங்கள், வெயில் சாய்வாக இருக்கும். அந்த நாட்டாமையைக் கண்டால் ஒரு பிரிண்ட் கொடுங்கள். வண்டியைப் பற்றியும், தன் கையைப் பற்றியும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.