ஒஹாயோவில் வாங்கிய நர்ஸ் எய்ட் சான்றிதழ் கலிபோர்னியாவில் செல்லுமா?

கணவருக்கு சான் ஹோசேக்கு வேலை மாறுகிறது, நான் ஒஹாயோவில் மூன்று வருடமாக நர்ஸ் எய்ட் (நர்ஸுக்குக் கீழே நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாள்), அங்கே போய் மறுபடி படித்துப் பரீட்சை எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. அதற்காக, போன மறுநாளே வேலைக்குச் சேர்ந்துவிடவும் முடியாது. நானும் 2019இல் கொலம்பஸிலிருந்து ஃப்ரீமாண்ட் வந்தவள்தான். இந்த வழியில் எங்கே கல் கிடக்கிறது என்று காலில் இடித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒஹாயோவில் அப்போது எங்களை எஸ்.டி.என்.ஏ., அதாவது மாநிலப் பரீட்சை தேறிய நர்ஸ் எய்ட் என்பார்கள், இங்கே சி.என்.ஏ., அதாவது சான்றிதழ் பெற்ற நர்ஸ் உதவியாளர். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். (ஊரில் அம்மாவிடம் நர்சிங் ஹோமில் வேலை என்றதும் ஏதோ டாக்டர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டார். முதியவர்கள் தங்கும் இடம் என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது.)

எனக்கு இருந்த பெரிய பயம் மணிக்கணக்கு பற்றியது. 1987இல் வந்த அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி நர்ஸ் எய்டுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு என்பது அந்தந்த மாநிலத்தின் இஷ்டம். ஒஹாயோவில் 75, டெக்சாஸில் 100. கலிபோர்னியாவில் 160, அதிலும் 100 மணி நேரம் நோயாளிகளோடு. என் 75ஐ வைத்துக்கொண்டு மீதி 85க்கு எங்கே போவது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. வீண் கவலை. மாற்றிக்கொண்டு வருபவர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்பதில்லை. பழைய மாநிலத்தின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது நர்ஸ் எய்டுகளின் அரசுப் பதிவேட்டில், உங்கள் பெயர் காலாவதியாகாமல் இருக்கிறதா, அதன்மேல் அடித்தார், திருடினார் என்று ஏதாவது குறிப்பு விழுந்திருக்கிறதா, சமீபத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் வெறும் தாள்தான். அந்த ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் ஒற்றை வரிதான் உங்கள் சொத்து.

அந்த வரி சாகாமல் இருக்க ஒரு கெடு உண்டு. தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலை பார்க்காமல் விட்டால், எந்த மாநிலமானாலும் மறுபடி பரீட்சை, இடத்தைப் பொறுத்து மறுபடி பயிற்சியும். சம்பளம் என்பது முக்கியம். மாமியாரை இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டாலும் இந்தக் கணக்கில் அது வேலை இல்லை. எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குத் தருவது) இருந்து, வேலை அனுமதி அட்டை புதுப்பிக்கக் காத்திருக்கும் மாதங்களுக்கும் கடிகாரம் நிற்காது.

இனி நான் இடித்துக்கொண்ட கல். என் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தானே? அதனால் விசாவில் என் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று விழுந்தது. முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பயிற்சியில் சேரும்போது அதையே எழுதிக் கொடுத்தேன், ஒஹாயோ ரெஜிஸ்ட்ரியிலும் அதுவே ஏறியது. கிரீன் கார்டு வந்தபோது கணவர் பெயரைப் பின்னால் சேர்த்து சோஷியல் செக்யூரிட்டி அட்டையை மாற்றிக்கொண்டேன். ரெஜிஸ்ட்ரியை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. கலிபோர்னியாவுக்குப் புதுப் பெயரில் விண்ணப்பம் போட்டால், ஒஹாயோவிலிருந்து வந்த சரிபார்ப்புப் படிவத்தில் வேறு யாரோ ஒருத்தி. தப்பு என்னுடையதுதான். திருமணச் சான்றிதழ், அட்டை நகல் எல்லாம் அனுப்பி அங்கே திருத்தி, படிவத்தை மறுபடி அனுப்பச் சொல்லி முடிக்க ஏழு வாரம் போனது. நீங்கள் கிளம்புவதற்கு முன்பே ஒஹாயோ ரெஜிஸ்ட்ரியின் இணையப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்தது, குற்றப் பின்னணி இருக்கிறதா என்று பார்க்க மெஷினில் கொடுக்கும் கைரேகை. லைவ் ஸ்கேன் என்பார்கள். அதைக் கலிபோர்னியா வந்துதான் செய்ய முடியும். நான் போனது பார்சல் அனுப்பும் கடை ஒன்றின் மூலையில் இருந்த மெஷினுக்கு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவி, சானிடைசர் போட்டுத் தேய்ந்த விரல்கள். வலது கட்டைவிரலைக் கண்ணாடியில் மூன்று முறை வைத்தும் திரையில் வெறும் சாம்பல் திட்டுதான் வந்தது. அங்கிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு லோஷன் பாட்டிலை நீட்டி, "நர்ஸா?" என்றார். தடவிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ரேகை விழுந்தது. போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். போகும் அன்று மட்டும் வேண்டாம், கண்ணாடி வழுக்கும்.

நர்ஸ்களுக்குப் பல மாநிலங்களில் செல்லும் ஒரே லைசென்ஸ் இருக்கிறதாமே, நமக்கு இல்லையா என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது மாநிலங்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), எல்.பி.என். (அதற்கு அடுத்த நிலை நர்ஸ்) ஆட்களுக்கு. நர்ஸ் எய்டுகளுக்குக் கிடையாது. கலிபோர்னியா அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை.

கலிபோர்னியா சான்றிதழ் எண் கையில் வருவதற்கு முன்பே, கேர்கிவர் (சான்றிதழ் இல்லாத பராமரிப்பாளர்) என்று சேர்ந்துகொள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சில இடங்களில் சொல்வார்கள். சம்பளத்துக்காகச் சேரலாம், ஆனால் சி.என்.ஏ. என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவேளை உங்கள் 24 மாதம் ஏற்கெனவே தாண்டியிருந்தால், கையை விட்டுச் செலவு செய்து வகுப்பில் சேருவதற்கு முன் நர்சிங் ஹோம்களில் விசாரியுங்கள். வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுக்கும் நர்சிங் ஹோம், படிப்புக்கும் பரீட்சைக்கும் உங்களிடம் காசு வாங்கக்கூடாது. இது மத்திய விதி.

இங்கே வந்த பிறகு புதுப்பிப்புதான் ஒஹாயோவைவிடக் கடுமை. இரண்டு வருடத்தில் 48 மணி நேர வகுப்பு, ஒவ்வொரு வருடமும் 12க்குக் குறையக்கூடாது, ஆன்லைனில் 24தான் செல்லும். எல்லாவற்றையும் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சம்பளத்துக்கு வேலை பார்த்ததற்குச் சாட்சியாக டபிள்யூ-2 தாள்களையும் (முதலாளி வருடாவருடம் தரும் சம்பளக் கணக்கு) கடைசிச் சம்பளச் சீட்டுகளையும் கைப்பையில் வையுங்கள். என்னுடையது மூட்டை கட்டியவர்கள் புண்ணியத்தில் இட்லி குக்கருக்குள் போய், பெட்டிகள் வந்து சேரும்வரை விண்ணப்பமே போட முடியவில்லை.